மாமல்லபுரம் பஸ்ஸில் இடம் பிடித்த காந்தம்

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, 1978. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனேன். சிற்பம் பார்க்கப் போகவில்லை, கடல்காற்று வாங்கவும் போகவில்லை. என் பாத்திரக் கடையின் மானத்தைக் காப்பாற்றப் போனேன்.

முதல் நாள் மாலை என் மனைவியின் தம்பி கபீர் கடைக்குள் நுழைந்து, மேசைமேல் ஒரு மரப்பெட்டியை வைத்துத் திறந்தான். “அசல் எவர்சில்வர், காந்தமே ஒட்டாதும்மா” என்று நான் ஓர் அம்மாளிடம் சத்தியம் செய்துகொண்டிருந்த டம்ளர், சர்ரென்று ஓடிப்போய் அந்தப் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிர்க்கடைக்குப் போய்விட்டார். விடிந்ததும் பெட்டியை ஊரைவிட்டுக் கடத்த நானே துணைக்குப் புறப்பட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது கபீர் செய்த காந்தம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. (பெயர் எழுதினால் அந்தத் தற்காலிகமும் போய்விடும்.) அங்கே எலக்ட்ரான்களைக் குழாய்க்குள் விரட்டி ஓடவைக்கிறார்கள். ஓட ஓட அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிந்துவிடுமாம், நம் ஊரில் பஸ் ஏறும் ஜனங்களைப் போல. காந்தத்தால் அமுக்கிக் குவிக்க வேண்டும். ஒரு காந்தம் பக்கவாட்டில் அமுக்கினால் மேலும் கீழும் பிதுங்கும். நான் பெல்ட்டை இறுக்கும்போது நடப்பதும் இதுதான் என்பதால் உடனே புரிந்துவிட்டது. ஆகவே இரண்டு காந்தம் வேண்டும். ஒன்றை ஏற்கெனவே அங்கே பொருத்திவிட்டான். மற்றதற்குப் பித்தளைக் கூடு கடைய எங்கள் ஊர் லேத்துக்கு வந்திருந்தான்.

வழக்கமாக இதற்குச் செம்புக் கம்பிச் சுருள், கரண்ட், குளிர வைக்கத் தண்ணீர் எல்லாம் வேண்டுமாம். கபீருடையது நிரந்தரக் காந்தம், அதற்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் நிரந்தரக் காந்தத்தின் பலம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்பது அவனுடைய பெரிய அதிகாரியின் கட்சி. அது தப்பு என்று காட்டத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் வைத்திருந்தான். ஊறுகாய் ஜாடியைத் திறப்பதுபோல ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் திருகினால் பலம் மாறும். சரியான இடத்தை வாரக்கணக்கில் தேடிப் பிடித்து, இரண்டு வளையத்துக்கும் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தான்.

“பதினோரு மணிக்குப் பெரியவர் பாக்க வராரு. கோடு மட்டும் நவுந்துச்சு, வேலை போச்சு. நான் வூட்டுக்கு வரவேண்டியதுதான், மச்சான்” என்றான்.

வீடு என்றால் என் வீடு.

காலை ஏழு மணி பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா. கபீர் நாஸ்தா வாங்கப் போகும்போது பெட்டியை என்னிடம் கொடுத்து, “மடியிலயே வெச்சுக்கோங்க, இரும்பு ஆகாது” என்றான். என் மடியில் கொழுப்பைத் தவிர ஒன்றும் கிடையாது, நல்ல இடம்தான். ஆனால் பஸ் வந்ததும் கூட்டம் பாய்ந்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? துண்டு போடுகிற கை, ஜன்னல் வழியே பெட்டியைப் போட்டுவிட்டது. மூடி திறந்து, காந்தம் சீட்டுக் கம்பியை ‘டக்’கென்று கவ்விக்கொண்டது.

இடம் பிடித்தது காந்தம், உட்கார்ந்ததும் அதுவேதான். நான் நின்றுகொண்டே போனேன். கபீர் பக்கத்தில் நின்று, யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டான்.

“யார்துபா இது?” என்ற கண்டக்டரின் டிக்கெட் துளைக்கும் கருவியும் போய் ஒட்டிக்கொண்டது. அதை அவர் பிடுங்குவதற்குள் கொளவாய் ஏரி பின்னால் போய்விட்டது.

“இன்னா அண்ணாத்த, சீட்டுக்கு சிமெண்ட் பூசிட்டியா?” என்றாள் காலி மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள். “நான் நின்னுகினு வரேன், இது சொகுசா குந்திகினு வருது. இதுக்கு டிக்கெட் வாங்குனியா?”

வாங்கினேன். அரை டிக்கெட்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டீ இருபது பைசா, மலையைப் பார்த்தபடி குடிக்கலாம். நாங்கள் சீட்டைப் பார்த்தபடி குடித்தோம்.

மாமல்லபுரம் வந்தது. நான் இழுத்தேன், கண்டக்டர் இழுத்தார், சீட்டே கையோடு வந்துவிடும்போல் இருந்தது.

“இழுக்காதீங்க, உடைஞ்சிடும்!” என்று கபீர் கத்தினான். டிரைவர் ஹாரன்மேலேயே சாய்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் கபீர் இரண்டு கையாலும் வளையங்களை எதிரெதிராகத் திருகினான். பிடி தளர்ந்தது. கம்பியோடு உரசி உரசிக் காந்தத்தைக் கழற்றினோம். திருப்பிப் பார்த்தால், கோட்டைக் காணோம். அது சீட்டுக் கம்பியில் பளிச்சென்று இருந்தது. பஸ் அதையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பிவிட்டது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று ரூபாய், பேரம் பேசினால் இரண்டரை. பேரம் பேசும் தைரியம் எனக்கு இல்லை. உதவியாள் என்று சொல்லி என்னையும் உள்ளே கூட்டிப்போனான். காந்தத்தைப் பொருத்திவிட்டு, கதிர்வீச்சைத் தடுக்கும் தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். வளையங்களைத் திருக, சுவர்த் துளை வழியே இரண்டு நீளமான பித்தளைக் கம்பிகள். அந்தப் பக்கம் நடப்பது ஒரு கண்ணாடியில் தெரிந்தது. எலக்ட்ரான் விழுந்த இடத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம், அடைதோசை அகலத்துக்கு.

“இதுதான் நீ குவிச்சதா?” என்றார், சொன்னபடி பதினோரு மணிக்கு வந்து நின்ற பெரியவர்.

கபீர் கம்பிகளைப் பிடித்தான். இதை இப்படியும் அதை அப்படியும் மெல்லத் திருகினான். அடைதோசை ஊத்தப்பமாகி, இட்லியாகி, கடைசியில் ஒரு கடுகாக நின்றது. பெரியவர் போய் எலக்ட்ரான் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டினார். வெளிச்சம் மறுபடி பரந்தது. கபீர் மறுபடி திருகினான். மறுபடி கடுகு.

“அப்போ இது கூடும், குறையும்?”

“ஆமா சார்.”

“இன்னும் நாலு பண்ணு. ஆர்டர் நான் போட்டுத் தரேன்.”

வெளியே வந்து சவுக்கு நிழலில் உட்கார்ந்தபோது கபீர் சொன்னான்: “கோடு இருந்திருந்தா பயத்துல அதத் தொட்டே இருக்கமாட்டேன், மச்சான். அவரும் கூடாது குறையாதுன்னுட்டுப் போயிருப்பாரு.”

“எல்லாம் யோசிச்சுத்தான் ஜன்னல் வழியா போட்டேன்” என்றேன். அவன் காதில் விழாததுபோல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பஸ்ஸில் இடது ஜன்னலோரம் உட்காருங்கள், வெயில் படாது. இடம் பிடிக்கத் துண்டு போதும். அவசரமாகத் திரும்பாதீர்கள், மாலையில் கடல் நன்றாக இருக்கும். இடது பக்கச் சீட்டுக் கம்பி எதிலாவது சிவப்புக் கோட்டைப் பார்த்தால் சுரண்டாதீர்கள், அது எங்கள் வீட்டுச் சொத்து. ஊர் திரும்பும் வழியில் பாத்திரம் வாங்க என் கடைக்கு அவசியம் வாருங்கள்.

கபீரோடு மட்டும் வராதீர்கள்.