மஞ்சள் குடித்த ஒஸ்ரின் கார்

குருநகர் மக்டலீனின் மூத்த மகன் கனிசியஸ், போர்க்காலத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோதும் தன் கிழட்டு ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பிழைத்தவர். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில் ஒரு கலியாணத்துக்காக மாப்பிள்ளை பஞ்சலிங்கத்தைச் சந்நிதி கோயிலுக்கு ஏற்றிப் போனார். தொண்டைமானாற்றுப் பாலத்தில் ரேடியேற்றர் ஒழுகிக் கொதித்தது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

"ஆறு நிறையத் தண்ணி கிடக்கு, அள்ளி ஊத்துமன்," என்றார் காரில் கூடவந்த மாப்பிள்ளையின் மாமி பூரணம்.

"அது உப்பெல்லோ அக்கை. என்ரை காரை அரிச்சுப்போடும். உங்கடை மடியிலை இருக்கிற குடத்தைத் தாங்கோ."

"ஐயோ, இது சாமிக்குக் கொண்டுபோற கீரிமலைத் தண்ணி!"

"மாப்பிள்ளை போய்ச் சேராட்டி, சாமி ஆரின்ரை கலியாணத்தைப் பாக்கிறது?"

பூரணம் முணுமுணுத்தபடி குடத்தை நீட்டினார். கனிசியஸ் கலியாணத் தட்டிலிருந்த மஞ்சள்தூளையும் கேட்டார்.

"உம்மடை காருக்கும் கலியாணமே?"

"ஓம் அக்கை. மஞ்சள் போய் ஓட்டையை அடைக்கும்."

சூடு ஆறியதும் இரண்டையும் கலந்து ஊற்றினார். ஓட்டை முக்கால்வாசி அடைபட்டது. கோயில் வாசலில் கார் மஞ்சளாய்ச் சொட்டிக்கொண்டு நிற்க, ஆலத்தித் தட்டோடு வந்த பெண்வீட்டார் திகைத்துப் போனார்கள்.

பூரணம் அதட்டினார்: "என்ன பாக்கிறியள்? முதலிலை காருக்குச் சுத்துங்கோ. சாமியின்ரை தண்ணி அதுக்குள்ளைதான் கிடக்கு!"