வெள்ளையாகிப் போன முருகைக்கல்

பவளத்துக்கு வெளிச்சம் அளந்து கொடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் மனைவியைப் பாவமாகப் பார்ப்பார்கள். உங்களில் யாராவது வீட்டில் கடல்தண்ணீர்த் தொட்டி வைத்துச் சீரழிந்தவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள். நமக்குப் பேச நிறைய இருக்கிறது.

தொழில் மாறிய கதை

நான் பிறவியிலேயே பவளக்காரன் இல்லை. கல்லடிக் கடற்கரையோரம் ஸ்ரூடியோ வைத்திருந்த படப்பிடிப்பாளன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவி மங்களாவும் கடலுக்குத் தூரமான மண்டூரில், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு வீட்டில் நின்றோம். அதனால் நாங்கள் மிஞ்சினோம். ஸ்ரூடியோ மிஞ்சவில்லை. கழுத்தில் கிடந்த கமராவும் சட்டைப்பையில் கிடந்த லைட் மீட்டரும்தான் சொத்து. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் எனக்குச் சிரிப்பு வராது, உங்களுக்கும் வராது.

பிறகு சண்டையும் முடிந்தது. பாதை திறந்தது, கொழும்புச் சாமான் எல்லாம் வந்தது, கூடவே ஆளுக்கொரு கமரா போனும் வந்தது. படம் எடுக்க என்னைக் கூப்பிடுவாரில்லை. அந்த நேரத்தில்தான் மருந்துக்கடை தேவராசா அண்ணன் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி கட்டி, அதற்குப் பவளம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பவளத்துக்கு வெளிச்சத்தை அளந்துதான் கொடுக்க வேண்டுமாம். ஊரில் வெளிச்சம் அளக்கிற சாமான் வைத்திருந்த ஒரே ஆள் நான். வேலை கிடைத்த சந்தோசத்தில் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். மங்களா அலுமாரியைத் திறந்து என் பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாமாங்கக் கோயில் ஆடித் தீர்த்தத்துக்கு முதல் மூண்டு தொட்டி பிடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி எங்கட அண்ணன் சொன்ன மாதிரி கட்டாருக்குப் போய் ஒழுங்கா உழைக்கிற வழியைப் பாருங்க."

எனக்குக் கட்டார் பிடிக்காது என்றில்லை. ஊரை விட்டுப் போக முடியாது, அவ்வளவுதான். எல்லாம் போன இடத்தையே விட்டுப் போகாதவன், இனி எங்கே போவது?

சோதனைச் சாவடி

நம் கடலில் பவளம், ஊர்ப்பேச்சில் முருகைக்கல், உடைப்பது சட்டப்படி குற்றம். அதனால் வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்த ஒரு துண்டைக் கொழும்பு வியாபாரி ஒருவர் அனுமதியோடு இறக்கிக் கொடுத்தார். தேங்காய்ப் பாதியளவு, மண்ணிறம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக. மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, கைக்குழந்தைபோல மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சண்டை முடிந்திருந்தாலும் சாவடிகள் முடியவில்லை. ஒரு சிப்பாய் என்னை இறக்கி, சட்டைப்பையில் இருந்த மீட்டரை வெளியே எடுத்தார். வெள்ளைக் குமிழ், நடுங்குகிற ஊசி. அந்தக் காலத்தில் அப்படியொரு சாமானைக் குண்டின் பாகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன்: பெட்டிக்குள் இருப்பது கல், இந்தக் கல்லுக்கு வெளிச்சம் போதுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்த மீட்டர். அவர் பெட்டியைத் திறந்து கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீட்டரை மெதுவாக என் பைக்குள் திரும்பப் போட்டு, தோளில் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"ஐயா, நீங்க வீட்டுக்கு போ. நல்லா தூங்கு."

கல்குடாத் தண்ணீர்

கல்லடிக் கடல் கலங்கல். அதனால் தொட்டிக்குக் கிழமைக்கொருமுறை கல்குடாவிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும். கொண்டுவருபவர் மீன் வியாபாரி சீனியண்ணன். தண்ணீர்க் கானை இறக்கிவிட்டு, நான் மீட்டரைச் சொப்பிங் பையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, ஊசியைப் பார்த்து, லைட்டைச் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி, மறுபடி இறக்கி அளப்பதை அவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, எங்கட ஊரில முந்தி இந்த முருகைக்கல்லச் சூளையில வெச்சு எரிச்சுச் சுண்ணாம்பு எடுத்த. நீங்க என்னடா எண்டா இதுக்கு லைட்டுப் போட்டுச் சீராட்டுறீங்க!"

மீட்டர் பொய் சொல்லாது

மாரி தொடங்கியதும் ஒரு மர்மம். நான் போகிற ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பல்பை மாற்றினேன். வயரை மாற்றினேன். கடைசியில் லைட்டையே ஒரு சாண் கீழே இறக்கினேன். ஊசி சரியான இடத்துக்கு வந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் தேவராசா அண்ணனின் மனைவி பூமணி அக்கா வீடு முழுக்கக் கழுவினார். தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடியையும் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினார். அன்றைக்குத்தான் மர்மம் துலங்கியது. மழைக்கு வெயில் இல்லாததால் அக்கா இரண்டு மாதமாக அந்த லைட்டுக்குக் கீழே, மூடிக் கண்ணாடியின் மேல், மோர்மிளகாய் காயவைத்திருக்கிறார். நான் வருகிற சத்தம் கேட்டால் சுளகில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். மிளகாய் போய்விடும், மோரும் உப்பும் கண்ணாடியில் படையாக நிற்கும். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஊசியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"நான் என்னத்தக் கண்டன்? கல்லுத்தானே, சும்மா கிடக்கிற வெளிச்சம் மிளகாய்க்காவது உதவட்டும் எண்டு நினைச்சன்."

நிறம் வந்தது

கண்ணாடி பளிங்கானதும், இறக்கிய லைட்டை அன்றே மேலே தூக்கியிருக்க வேண்டும். பொங்கல் அவசரம், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். நாளை, மறுநாள் என்று பத்து நாள் போனது. போய்ப் பார்த்தால் மண்ணிறக் கல் பளீரென்று வெள்ளையாகியிருந்தது.

இங்கேதான் என் பழைய தொழில் என்னைக் கவிழ்த்தது. பதினைந்து வருசமாக ஸ்ரூடியோவுக்கு வந்த ஒவ்வொரு மணப்பெண்ணும் ஒரே வேண்டுதலோடுதான் வந்தாள்: கொஞ்சம் வெள்ளையாக எடுங்கள். லைட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் வெள்ளை வரும். வெள்ளை வந்தால் வேலை சரி என்பதுதான் எனக்குத் தெரிந்த சாத்திரம். ஆகவே கல் வெளுத்ததைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். தேவராசா அண்ணன் அயலட்டையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். ஆணி, பூட்டு விற்கிற வன்பொருள் கடைக்காரர் ஒருவரும் ஒரு பள்ளிக்கூட அதிபரும் தங்கள் வீட்டிலும் தொட்டி கட்டித்தரும்படி கேட்டார்கள். ஆக மூன்று! பாஸ்போட் அலுமாரிக்குத் திரும்பும் சத்தம் எனக்குக் கேட்கவே தொடங்கிவிட்டது.

பெருமை தாங்காமல் கொழும்பு வியாபாரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். லைட் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அது வடிவில்ல தம்பி, பட்டினி. அதுக்குச் சமைச்சுக் குடுக்கிற மண்ணிறப் பாசி உடம்புக்குள்ளயே இருந்தது. நீங்க சூட்டைக் குடுத்துச் சமையல்காரன விரட்டிட்டீங்க."

நுளம்பு வலைக்குள் நோயாளி

அன்றிரவு பாயில் கிடந்து கணக்குப் போட்டேன். கல்லை வெள்ளையாகவே விட்டால் மூன்று தொட்டி, ஊர், வீடு எல்லாம் கிடைக்கும். ஆனால் அது செத்துப்போகும். காப்பாற்றப் போனால் கறுக்கும், வாடிக்கைக்காரர் ஓடிவிடுவார்கள், நான் கட்டாரில் நிற்பேன். பொய் சொல்ல நன்றாக ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நம்பி மடியில் இருந்து வந்த சீவன் என்ற நினைப்புத்தான் வந்தது.

காலையில் போய் லைட்டை ஒன்றரைச் சாண் தூக்கினேன். சுனாமி நிவாரணத்தில் எங்களுக்குக் கிடைத்த, கொசுவுக்குக் கட்டுகிற நுளம்பு வலைகளை வெட்டி, நாலு மடிப்பாகத் தொட்டிக்கு மேல் விரித்தேன். ஆறு கிழமைக்கு ஒரு மடிப்பு எடுப்பது, ஒவ்வொரு முறையும் அளப்பது, இடையில் பொடியாக அரிந்த இறால் வைப்பது என்று திட்டம். தொட்டி இருண்டது. வன்பொருள் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தவர், திரும்ப வரவில்லை. அதிபர் எட்டியும் பார்க்கவில்லை. தேவராசா அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார், ஒரு நாள் நான் வைத்த இறால் துண்டைக் கல்லின் மடிப்பு மெல்லத் திறந்து விழுங்குவதைக் காணும்வரை. அவர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறன். வீட்டுக்குள்ள ஒரு சீவன் வருத்தத்தில கிடந்தது எனக்கு விளங்கல்லயே, தம்பி!"

தீர்த்தத்துக்கு முதல்நாள்

கடைசி மடிப்பு வலையை எடுத்தபோது கல் மண்ணிறத்துக்குத் திரும்பியிருந்தது, விளிம்பில் கொஞ்சம் பச்சையும். மறுநாள் அமிர்தகழி மாமாங்கத்தில் தீர்த்தம். கையில் தொட்டி ஒன்றுதான். ஒளிக்க ஏதுமில்லை என்று மங்களாவையும் கூட்டிப்போய்க் காட்டினேன். "வெள்ளையாவே விட்டிருந்தா மூண்டும் கிடைச்சிருக்குமே?" என்று கேட்டாள். "கிடைச்சிருக்கும். இது செத்திருக்கும்," என்றேன். அவள் ஒரு இறால் துண்டை எடுத்துக் கல்லுக்கு நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது. இன்னொன்று நீட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டது. பூமணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, அது ஆறியும் போனது.

வீட்டுக்கு வந்ததும் மங்களா பாஸ்போட்டை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த, அவள் அண்ணன் வீட்டில் இருந்ததால் மிஞ்சிய, நானே வெள்ளையாக்கிக் கழுவிய எங்கள் கலியாணப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க கட்டாருக்குப் போனா அதுக்கு ஆரு வெளிச்சம் அளக்கிற? இருங்க இங்கயே. ஆனா ஒண்டு கேக்கன்: கறுத்தாத்தான் உசிரெண்டு ஒரு கல்லுக்கு விளங்கின மனிசன், இந்தப் படத்தில என்னை மட்டும் ஏன் இப்பிடிச் சாகடிச்சீங்க?"

ஆயிரம் பெண்களை வெள்ளையாக்கியும் ஓடாத பிழைப்பு, ஒரேயொரு கல்லைக் கறுப்பாக்கியதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.