மற்றும் பலர் என்பவர்

என் மாமியாருக்கு மாநகராட்சியின் புகைப்பட ஆவணப் பிரிவில் வேலை. பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, பின்பக்கக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி, யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி செய்ய வேண்டும். வீட்டிலும் அதே புத்திதான். சர்க்கரை டப்பாவில்கூட 'சர்க்கரை, பாதி' என்று சீட்டு ஒட்டியிருப்பார்.

மாமனார் மைக்செட்காரர். மாநகராட்சி எந்தப் பாலம் திறந்தாலும் அவர் மைக்தான். "அந்த போட்டோ எல்லாத்துலயும் நான் இருக்கேன்" என்று சாப்பிடும்போதெல்லாம் அளப்பார். நாங்கள் யாரும் நம்பியதில்லை.

இணையதளம் சோதனைக்கு வந்த அன்று மனிதர் சட்டை மாற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்து, தன் பெயரைத் தட்டினார். 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. என் மனைவி சிரித்துவிட்டாள், நானும்தான். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் மாமியாரின் அலுவலகத்தில் வேறு கூத்து. அதிகப் படங்களில் இருப்பவர் யார் என்று கணினி தானாகவே கணக்குப் போட்டிருந்தது. முதலிடம் மேயருக்கு இல்லை, 'மற்றும் பலர்' என்பவருக்கு. 'மேயர், ஆணையர், மற்றும் பலர்' என்று குறிப்பில் இருந்தால், மூன்றாவதும் ஓர் ஆள்தான் என்று அது நினைத்துவிட்டது. மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊர் சிரிக்கிறதுக்குள்ள அந்தாளத் தூக்கிடுங்கம்மா."

"ஒரு தடவை பாத்துட்டுத் தூக்கிடறேன் சார்" என்ற மாமியார், அந்தப் பெயரை அழுத்தி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கினார். மாலையில் எனக்குப் போன் வந்தது. மாமாவை இழுத்துக்கொண்டு போனேன்.

திரையில் மேயர் பேசிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே, வயரும் கையுமாக ஒருவர் குனிந்திருந்தார்.

"வெறும் முதுகுதானே அத்தை தெரியுது" என்றேன்.

"சண்டை வந்தா எனக்கு இந்த முதுகத்தான் காட்டிட்டுப் படுப்பாரு. எனக்குத் தெரியாதா?"

அடுத்த படத்தில் பாதி முகம். அதற்கடுத்ததில் முழு முகமே இருந்தது. மாமாவின் வாயெல்லாம் பல். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "தப்புதான் மாமா" என்றேன்.

"விடுங்க மாப்ள."

எட்டிப் பார்த்த மேலாளரும் இறங்கி வந்தார். "அந்தாளு இருந்துட்டுப் போகட்டும். யாரு யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லச் சொல்ல, பேரைச் சேத்துக்குங்க."

மாமியார் மாமாவின் பெயரைத் தட்டப் போனார். மாமா கையை நீட்டித் தடுத்தார். படத்தின் ஓரத்தில், அதே வயரின் மறுமுனையைப் பிடித்தபடி ஓர் ஒல்லி ஆள் நின்றிருந்தார்.

"முதல்ல இவன் பேரைப் போடு."

"உங்களுது வேணாமா?"

"நான் எங்க போயிடப் போறேன்? அவன்தான் போய்ச் சேந்துட்டான். அவன் பொண்டாட்டிகிட்ட அவன் போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது."

மாமா பெயரைச் சொல்ல, மாமியார் தட்டினார். அதற்குள் மாமா போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.