சுந்தரம் தம்பியின் போன் மேல் பத்து நிமிடம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பத்து நிமிடம் நான் ஒரு செல்போன் மேல் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் இல்லை... தெரிந்தேதான்.

போன் என்னுடையது அல்ல. எதிர்வீட்டுச் சுந்தரம் தம்பியுடையது. காஞ்சன்பாக்கில் பெரிய அரசு ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள் — வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. தமிழை விரல் வைத்துப் படிப்பேன். இங்கிலீஷ் சுத்தமாக வராது.

அன்று கறிவேப்பிலை கேட்டுப் போனேன். தம்பி சோபாவில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, முகம் இப்படி இருக்கு?"

"லைஃப் சர்டிஃபிகேட் வரலையாம் அக்கா. இன்னிக்குள்ள கொடுக்கலைன்னா பென்ஷன் நின்னுடுமாம். மெசேஜ் வந்திருக்கு."

பென்ஷன்காரர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று பேங்க்குக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால்? அவர்களைப் பொறுத்தவரை நாம் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

"போன வாரம்தானே ஒரே ஆட்டோவில போய்க் கொடுத்துட்டு வந்தோம்? உங்களை நேர்ல பார்த்தாங்களே!"

"கம்ப்யூட்டர்ல ஏறலையாம். லிங்க்கைத் தொட்டு அக்கவுண்ட் நம்பர் போட்டுட்டேன். ஓடிபி வந்துடுச்சு. அதையும் போட்டா முடிஞ்சுது."

போனை எட்டிப் பார்த்தேன். படிக்கவில்லை. மெசேஜின் முகத்தைப் பார்த்தேன்.

இங்கிலீஷும் இந்த ஊர்த் தெலுங்கும் படிக்கத் தெரியாதவள் எல்லாவற்றையும் முகம் பார்த்துத்தான் அடையாளம் வைப்பாள். குகட்பள்ளி பஸ்ஸை இத்தனை வருஷமாக அப்படித்தான் பிடிக்கிறேன். எனக்கு வரும் பேங்க் மெசேஜின் உச்சியில் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். இதிலோ யாரோ ஒருவரின் போன் நம்பர் மாதிரி பத்து இலக்கம். கீழே நீலக் கோடு போட்ட ஒரு வரி. என் பேங்க் ஒரு நாளும் எனக்கு நீலக் கோடு அனுப்பியதில்லை.

"தம்பி, இது பேங்க்கோட முகம் இல்ல."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது அக்கா. பேசாம இருங்க."

பேசாமல்தான் இருந்தேன். போனைப் பிடுங்கிச் சோபாவில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா! எந்திரிங்க! பத்து நிமிஷத்துல ஓடிபி செத்துடும்!"

"அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

போன் அடித்தது. எனக்குக் கீழேயே அடித்தது. ஒரு முறை அல்ல, ஐந்து முறை! எந்த பேங்க் ஐயா நம்மை இப்படித் தவித்துத் தேடும்? நாமே தேடிப் போனாலும் 'லஞ்ச் டைம்' என்பார்களே...

சத்தம் கேட்டு அவர் மனைவி ஜெயா வந்தாள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள்; 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பாள். "நக்கோ அக்கா, எழுந்திருக்க நக்கோ! அப்படியே உக்காருங்க!" என்று கத்திவிட்டு, பாஸ்புக்கில் இருந்த நம்பருக்குத் தன் போனில் அடித்தாள். சர்டிஃபிகேட் போன வாரமே ஏறிவிட்டதாம். அப்படி ஒரு மெசேஜே அவர்கள் அனுப்பவில்லையாம். கணக்கை உடனே பூட்டினார்கள். பைசா போகவில்லை.

தம்பி அவசரமாக மெசேஜை அழிக்கப் போனார். மானம் போகிறதாம். விடுவேனா? திருடனின் காலடித் தடத்தை யாராவது துடைத்து வைப்பார்களா? அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி, சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் கொடுக்க வைத்தேன். 'எப்படி சார் தப்பித்தீர்கள்?' என்று அங்கிருந்த பெண் தெலுங்கில் கேட்டாள். தம்பி நெளிந்துகொண்டே, எதிர்வீட்டு அக்கா போன் மேல் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யார் சொன்னது? படித்தவர் வார்த்தையை நம்புகிறார். வார்த்தையை எவன் வேண்டுமானாலும் எழுதலாமே!

இப்போதெல்லாம் எந்த மெசேஜ் வந்தாலும் தம்பி முதலில் என் கதவைத்தான் தட்டுகிறார். "அக்கா, இந்த முகம் சரியா?"

ஒரே ஒரு தடவை சறுக்கிவிட்டது. கேஸ்காரர்கள் அனுப்பிய நிஜ மெசேஜையும் 'திருட்டு முகம்' என்று தள்ளிவிட்டேன். அதிலிருந்த டெலிவரி நம்பரைத் தம்பி சொல்ல மறுக்க, சிலிண்டர் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. மூன்று நாள் அவர்கள் வீட்டுச் சாம்பாரும் என் அடுப்பில்தான் கொதித்தது.

கறிவேப்பிலை மட்டும் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது!