உம் கொட்டிய குற்றம்

மிசாவோ அக்காவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடி வெட்டிக்கொள்ள வருவதில்லை, பேச வருகிறார்கள். எங்கள் மலையூரான நுகுமியின் ஸ்டேஷனுக்கு நேரெதிரே அவள் முடிதிருத்தும் கடை. அதை ஒட்டி, சோயாவை அரைத்துத் தோஃபுக் கட்டி செய்து விற்கும் என் கடை. நடுச்சுவர் மெல்லியது, நாள் முழுக்க அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். "உம்… அப்படிங்களா… சரிங்க… அடடா… உம்." கத்தரி ஒரு பக்கம் ஓடும், உம் ஒரு பக்கம் ஓடும். ஒருவன் வந்து தம்பியைத் திட்டிவிட்டுப் போவான். மறுநாள் அதே நாற்காலியில் தம்பி உட்கார்ந்து அண்ணனைத் திட்டுவான். இரண்டு பேருக்கும் அதே உம்தான். அவள் யார் பக்கம் என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் நாட்டில் பேச்சு வராத குழந்தைக்குக்கூட இது தெரியும். ரயில் கம்பெனிக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதாம்.

அவள் கணவர் சேய்கிச்சி அண்ணன் மர ஆலையில் ரம்பம் பிடித்தே காலத்தைக் கழித்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கண்ணும் மங்கியதால் கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை. ஆனால் ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று இருந்தது. காலையில் கடைவாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் பிளாட்பாரம். நகரத்தில் இறங்கினால் ஆஸ்பத்திரி வாசல். மத்தியானம் திரும்பும் வண்டியில் ஏறி, சோர்வோடு என்றாலும், தன் வீட்டுக்கே வந்து படுப்பார். அந்த ரயில் இருக்கும்வரைதான் அவர் நோயாளியாகவும் நுகுமிக்காரராகவும் இருக்க முடியும். ரயில் போனால் வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒண்டுக்குடித்தனம் போக வேண்டும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு, நாற்று விடும் சமயத்தில், ரயில் பாதையை மூடப்போவதைப் பற்றி ஊர்ப் பொதுக்கூடத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். ரயிலைப் பற்றிப் பேச வந்த ரயில்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஏன் என்று கேட்டோம். ரயில் நேரம் ஒத்துவரவில்லையாம். வண்டிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தது யார்? பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே கிளம்பிவிடும்படி நேரத்தை மாற்றியது யார்? எல்லாம் செய்துவிட்டு, ஏறுவதற்கு ஆள் இல்லை என்று படம் போட்டுக் காட்டினார்கள். கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பது இதுதான்.

பேச வந்தவர் பிரிவுத் தலைவர் அகாஷி. நாற்பதைத் தாண்டாத ஆள். நெற்றி வேர்த்து, காகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அவரைப் பார்த்து மனசு இளகிவிட்டது. யாரோ பெற்ற பிள்ளை, மேலே இருப்பவர்கள் திட்டு வாங்குவதற்கென்றே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தும்போதெல்லாம், தடுமாறாமல் சொல்லட்டும் என்று, தலையை ஆட்டி உம் கொட்டினாள். நாங்களும் கொட்டினோம். பேசுகிறவர் முன்னால் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று ஆகிவிடும். கூட்டம் முடிந்து அவர் இடுப்பை ஒடித்து வணங்கினார், நாங்களும் வணங்கினோம், வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் பேப்பரில் வந்தது. பாதையை மூடுவதன் அவசியத்தை நுகுமி மக்கள் புரிந்துகொண்டதாகக் கம்பெனி தெரிவித்திருந்தது. கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தவர்கள் உட்பட அனைவரும் ஆமோதித்துக் கேட்டார்களாம்.

சேய்கிச்சி அண்ணன் மங்கிய கண்ணுக்கு அருகே பேப்பரைப் பிடித்துப் படித்துவிட்டு, "என்னடி, என்னைய ஆஸ்பத்திரி வாசல்லயே குடி வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அவள் கடையிலிருந்து ஒரு உம் கூடக் கேட்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அந்த ஆட்கள் என்ன வெளிநாட்டிலிருந்து வந்தவர்களா? அவர்களுடைய அம்மாவும் உம் கொட்டித்தானே அவர்களிடம் பள்ளிக்கூடத்துக் கதையைக் கேட்டிருப்பாள்? வீட்டில் பெண்டாட்டி உம் கொட்டினால் சம்மதம் என்று எழுதி வைத்துக்கொள்வார்களா? தெரியாமல் செய்தால் தவறு. இவர்கள் தெரிந்தே செய்தார்கள். எங்கள் மரியாதையை எடுத்து எங்களுக்கே குழி தோண்டினார்கள்.

இலையுதிர்காலத்தில் இரண்டாவது கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும் அக்கா கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனாள். சொன்னது ஒன்றே ஒன்று. அன்றைக்கு யாரும் உம் கொட்டக் கூடாது, தலை ஆட்டக் கூடாது, பெருமூச்சு கூட விடக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து கொட்டிய வாய் எப்படி நிற்கும்? ஊர்த் தலைவர் மொரிவாகி தன்னால் முடியாது என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். கடைசியில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் இரண்டை ஒரே நேரத்தில் வாய்க்குள் அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேறு சிலர் சொந்தத் தொடையைக் கிள்ளிக்கொண்டார்கள்.

அகாஷி பேச ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் முடித்து நிறுத்தினார். கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்தார். சொன்னதையே மறுபடி சொன்னார். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். நஷ்டக் கணக்குக்கு வந்தபோது எந்த வரியில் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் பாவம் பார்த்துத்தானே முதல் தடவை மாட்டிக்கொண்டோம்.

புரிந்ததா என்று அவர் கேட்டபோது அக்கா எழுந்தாள். "நீங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு சார். காதுல விழுறது வேற, ஒத்துக்கிறது வேற. நாங்க ஒத்துக்கல. போன தடவையும் ஒத்துக்கல. இத எழுதிக்கிட்டீங்களா?" நகராட்சி எழுத்தர் எழுதிக்கொண்டார். பேப்பர்க்காரப் பெண்ணும் எழுதிக்கொண்டாள். மக்கள் புரிந்துகொண்டார்கள் என்ற வரியைக் கம்பெனி பிறகு திரும்பப் பெற்றது. பேச்சுவார்த்தை தொடரும், அதுவரை வண்டி ஓடும் என்றார்கள். அன்றிரவு என் கடையில் எல்லாரும் குடித்தோம். சேய்கிச்சி அண்ணன் நாக்கை நனைக்கக் கூடாதவர், அவர் மட்டும் வெறும் கிண்ணத்தை உயர்த்தினார். ஜெயித்துவிட்டோம் என்று நிஜமாகவே நம்பினோம்.

அடுத்த கோடையில் மழை அடித்தது. ரயில் நுழைந்து போகும் சுரங்கப்பாதைக்குக் கீழே மலைச்சரிவு கொஞ்சம் சரிந்து தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தது. கொஞ்சம்தான். என் மச்சான் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன், போய்ப் பார்த்துவிட்டு ஒரு வார வேலை என்றான். கம்பெனி வந்து மஞ்சள் கயிறு கட்டி, தற்காலிகமாகச் சேவை இல்லை என்று பலகை வைத்துவிட்டுப் போனது. கேட்டால் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். நெல் அறுவடையானது, ஆராய்ந்தார்கள். மலை சிவந்து இலை கொட்டியது, ஆராய்ந்தார்கள். தண்டவாளத்துக்கு நடுவே புல் என் இடுப்புயரம் வந்துவிட்டது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாதையை மூடுகிறோம் என்று அறிவிக்க எங்கள் ஒப்புதல் வேண்டும். மண்ணை அள்ளாமல் சும்மா இருக்க யாருடைய ஒப்புதலும் வேண்டாம். எங்கள் வாயை எப்படி அடக்கி வைத்தாலும் இதனிடம் அது பலிக்காது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். மழை மீது பழியைப் போட்டுவிட்டு இவர்கள் கையைத் துடைத்துக்கொள்ளலாம்.

ரயிலுக்குப் பதிலாக ஒரு பஸ் விட்டார்கள். அது கணவாய் ஏறி வளைந்து வளைந்து போகும். டயாலிசிஸ் முடிந்து உடம்பு பஞ்சாகித் திரும்புகிற மனிதர் அந்த வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது, கணவாயை மூடினார்கள், பஸ் இல்லை. அன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ் நாள். மறுநாளும் பஸ் இல்லை. நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியின் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, மலையைச் சுற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தார். என் சட்டையைப் பிடித்து, வீட்டுக்கு எப்போது போகலாம் என்றுதான் கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் முடி வெட்டிக்கொள்ள அக்கா கடைப் பெஞ்சில் காத்திருந்தேன். அகாஷி வந்தார். காரில்தான். நல்ல காகிதம் சுற்றிய இனிப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டி, வீட்டுக்காரரின் உடல்நிலை கேட்டு மிகவும் வருந்துகிறோம் என்றார். நிலைமையை அக்கா புரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்தச் சொல்லை அவர் அன்றும் விடவில்லை. அக்கா பெட்டியை வாங்கவில்லை. கடை நேரத்தில் வாடிக்கையாளரோடு மட்டும்தான் பேசுவேன், பேச வேண்டுமென்றால் நாற்காலியில் உட்காருங்கள் என்றாள். மறுக்கத் தெரியாத மனிதர், உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் சூடான துண்டைப் போட்டு எடுத்து, நுரை பூசி, சவரக் கத்தியைத் தீட்டினாள். அவர் நிலைமை, சூழ்நிலை, பல தரப்பு ஆலோசனை என்று ஆரம்பித்தார். கத்தி தொண்டைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தலைய ஆட்டாதீங்க, வெட்டிக்கும்," என்றாள் அக்கா. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மண்ண அள்ளுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தபடி காத்திருந்தாள். என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை.

"மாட்டோம்," என்றார் அகாஷி. "மழை பெஞ்ச வாரமே மேல முடிவு பண்ணிட்டாங்க. மன்னிச்சிருங்க."

"அந்த வாரமே சொல்லியிருந்தீங்கன்னா பனிக்கு முன்னாடியே அவர ஆஸ்பத்திரிப் பக்கம் குடி வச்சிருப்பேன்," என்றாள் அக்கா. "நீங்க ஆராயுறீங்கன்னு நம்பித்தான அவரு மூச்சு முட்டினாரு."

அவள் அவசரப்படாமல், ஒரு கீறல் இல்லாமல், மீதிச் சவரத்தை முடித்தாள். துண்டால் துடைத்து, நாற்காலியை நிமிர்த்தி, எல்லா வாடிக்கையாளரிடமும் வாங்கும் கூலியை வாங்கிக்கொண்டு, இனிப்புப் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் கம்பெனி பேப்பரில் சொன்னது, இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை, ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று. நான் பேப்பரைக் கசக்கி அடுப்பில் போட்டேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் கடை மூடுகிறவர்கள் கதவில் ஒரு காகிதம் ஒட்டுவது வழக்கம். இத்தனை காலம் ஆதரவு தந்ததற்கு நன்றி, சொந்தக் காரணங்களால் கடையை மூடுகிறோம் என்று எழுதுவார்கள். கடனில் மூழ்கியவனும் அதையே எழுதுவான், பெண்டாட்டி ஓடிப்போனவனும் அதையே எழுதுவான். அடுத்தவரைக் குறை சொல்லி ஒட்டியதை நான் பார்த்ததில்லை. மார்ச்சில் ஒரு காலை நான் சோயா அரைக்க எழுந்து வெளியே வந்தபோது அக்காவின் சாமான்களை ஏற்றிய வண்டி போய்விட்டிருந்தது. கதவில் காகிதம் இருந்தது. ஆதரவுக்கு நன்றி என்று வழக்கம்போலவே ஆரம்பித்தது. அதற்குக் கீழே, "காரணம் சொந்தமானது அல்ல. ரயில் கம்பெனி மண்ணை அள்ளாததால் கடையை மூடுகிறேன். குராமோத்தோ மிசாவோ."

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். பேச்சுவார்த்தை நடக்கும் சமயத்தில் இப்படி ஒரு காகிதம் இருப்பது கம்பெனிக்குச் சங்கடமாக இருக்கிறதாம், பக்கத்துக் கடைக்காரர் என்ற முறையில் கிழித்துவிட முடியுமா என்றார். அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார். மழைக்கு எழுத்து கரையும்போதெல்லாம் நான் புதுக் காகிதத்தில் அதையே எழுதி ஒட்டுகிறேன்.