சேராத ஐந்தாவது கரித்துண்டு

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைப் பக்கம் போகாதீர்கள், கூட்டத்தில் நசுங்கிவிடுவீர்கள் என்று ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்பவன் நான். இந்த முறை தீபத்தன்றே போய் இறங்கினேன். காரணம் பக்தி இல்லை, ஒரு கரித்துண்டு.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு நிலக்கடலை வயலின் மூலையில் என் தோழி மலர் அகழாய்வு செய்கிறாள். அங்கே கிடைத்த பழைய அடுப்பிலிருந்து ஐந்து கரித்துண்டுகளை ரேடியோகார்பன் காலக் கணிப்புக்கு அனுப்பினாள். ஆய்வகம் துல்லியமாக ஓர் ஆண்டைச் சொல்லாது. இங்கிருந்து இங்குவரை என்று ஒரு கால வரம்பைத்தான் சொல்லும். ஒரே அடுப்பின் கரி என்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அந்த வரம்பைக் குறுக்கலாம். அந்தக் கணக்குதான் என் வேலை. நான்கு துண்டுகள் அழகாக ஒத்துப்போயின. ஐந்தாவது பல நூற்றாண்டு இளையது. அதைச் சேர்த்தால், இவை ஒரே காலத்தவை அல்ல என்று கணக்கு முரண்டு பிடித்தது.

"அதத் தூக்கிடு" என்றாள் மலர். பிடிக்காத சாட்சியை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவதா? காரணம் இல்லாமல் நீக்கினால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்றேன். அவளுடைய பல வருட உழைப்பு அந்த அறிக்கைக்காகத்தான் காத்திருந்தது. இரண்டு பேருக்கும் கோபம். கடைசியில், "நீயே வந்து குழியப் பாரு" என்றாள்.

செங்கம் சாலையில், ஆசிரமப் பகுதியில் அறை 2,500 ரூபாய். தீபம் முடிந்தால் பாதிக்குக் கிடைக்கும். மறுநாள் காலை அடி அண்ணாமலை வரை நடந்து காபி குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்பிக் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்தேன். சுமார் பதினெட்டு கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா, மடியில் செய்தித்தாள் சுற்றிய கருகிய கட்டை. என் வேட்டியில் கரி ஒட்டிய பிறகுதான் கவனித்தேன்.

"விறகாம்மா?"

"விறகு இல்ல சார், சொக்கப்பனை. நேத்து கோயில் முன்னாடி பனமரத்த நட்டு ஓலை கட்டிக் கொளுத்தனாங்க இல்ல, அதுல மிஞ்சன கட்டை. கொல்லை மூலையில நட்டா பூச்சி கம்மி, மல்லாட்டை ஜாஸ்தியா காய்க்கும்னு எங்க பக்கம் எல்லாரும் நடுவாங்க."

கொல்லை என்றால் மேட்டு வயல், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மலர் தோண்டுவதும் நிலக்கடலை வயலின் மூலையில்தான்.

"மூலையிலயா?"

"ஆமா சார். நீங்க எங்க போறீங்க?"

"ஒரு கரிக்கட்டையப் பாக்கத்தாம்மா போறேன்."

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

குழியில் மேல்மண்ணிலிருந்து அடுப்புக்குள் ஒரு கறுப்புக் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. வேர் போன தடம் என்று மலர் விட்டிருந்தாள். ஐந்தாவது துண்டு அதன் அடியில் எடுத்ததுதான். ஆய்வகத்துக்கு அனுப்பியது போக மீதமிருந்த பாதியை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். மற்ற நான்கிலும் சாதாரண மரத்தின் நெருக்கமான வரிகள். இதில் வரியே இல்லை. பனையை வெட்டினால் தெரியுமே, அந்தப் புள்ளிகள் மட்டும். மரவகை பார்க்காமலே அனுப்பிவிட்டு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம்!

"இப்பவாவது தூக்கலாமா?" என்றாள்.

"அடுப்புக் கணக்குலேர்ந்து தூக்கிடலாம். அறிக்கையிலேர்ந்து தூக்காத."

அவள் அந்தத் துண்டைத் தனி உறையில் போட்டு மூடினாள். அடுப்பின் காலம் இப்போது தெளிவாகிவிட்டது. எனக்கோ அதைவிட இந்தத் துண்டின்மேல்தான் பிரியம் வந்துவிட்டது. அடுப்பு மண்ணில் புதைந்து பல நூற்றாண்டு கழித்து யாரோ ஒருவர், விளைச்சல் நன்றாக இருக்கட்டும் என்று அதன் மேலே ஒரு சொக்கப்பனைக் கட்டையை நட்டிருக்கிறார். நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன்.

போகிறவர்களுக்கு: தீப நாளில் பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும், நடக்கத் தயாராக இருங்கள். அறையை முன்பே பிடியுங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம். வயல் மூலையில் கருகிய கட்டை தெரிந்தால் பிடுங்கிவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் என்னைப் போல ஒருவன், கணக்கில் சேராத அதைத் தேடி இந்த ஊருக்கு வரவேண்டும்.