பட்டியலில் பதினாறாவது பெயர்

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பாக வீரர் பட்டியலை மத்தியஸ்தரிடம் கொடுக்கவேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சட்டை இலக்கம், கீழே அணித்தலைவரும் செயலாளரும் கையொப்பம். படிவம் முழுக்க ஆங்கிலம். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் அதை நிரப்புவது நான். என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்ததே அதற்காகத்தான். பந்தைக் காலால் தொட்டவள் அல்ல. ஆனால் நான் கொடுத்த பட்டியல் எதிலும் ஒரு இலக்கம்கூடப் பிழைத்ததில்லை. ஏறாவூர் அணியின் செயலாளர் ஒருமுறை படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "இத ஆரு எழுதின?" என்று கேட்டார். நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு வாவியில் வலை. அண்ணன் ஏழாம் வகுப்போடு அப்பாவின் தோணியில் ஏறிவிட்டார். நான் பல்கலைக்கழகம் முடித்து, பிரதேச செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், எங்கள் ஊர் தன்னாமுனையில் யாரிடமாவது எங்கள் வீட்டைக் கேட்டால் என்னைச் சொல்லித் தெரியாது. அண்ணனைச் சொன்னால் உடனே கை நீட்டுவார்கள்.

அண்ணன் விளையாடிய காலத்தில் அவரைப் பார்க்கவே காத்தான்குடியிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். முன்கள வீரர். இடது கால். பந்து காலுக்கு வருமுன்னமே அது எங்கே போகவேண்டும் என்று முடிவாகியிருக்கும். முழங்கால் கெட்டு அவர் நிறுத்தியபோது, அடுத்த பயிற்றுவிப்பாளர் யார் என்ற கேள்வியே எழவில்லை. அதிகம் கோல் அடித்தவர் பயிற்றுவிப்பாளர். எங்கள் கழகத்தில் எப்போதும் அப்படித்தான்.

பயிற்சியின் முதல் கிழமையே பிரச்சினை தெரிந்தது. அண்ணனுக்குச் செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. "இஞ்ச பாருங்க" என்று பந்தை வாங்கி, நாலு அடி ஓடி, சுழற்றி மூலைக்குள் அனுப்புவார்.

"கண்டீங்களா?"

"கண்டம் அண்ணே."

"அப்ப அடிங்க."

அவர்கள் அடித்தால் பந்து வாவிக்குள் போகும். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கக் கோட்டுக்கு அப்பால் சில எட்டுகளில் தண்ணீர். அடித்தவனே இறங்கி எடுக்கவேண்டும் என்பது வழக்கம். அண்ணன் பயிற்சி கொடுத்த மாதங்களில் அணி முழுவதும் நனைந்துதான் வீட்டுக்குப் போனது.

"அண்ணே, எந்த நேரத்தில அடிக்கோணும் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று நடுக்களத்தில் விளையாடுபவன் ஒருநாள் கேட்டான்.

"அது தெரியும்தானே."

"உங்களுக்குத் தெரியிது. எங்களுக்குத் தெரியுதில்லயே."

"கண் இரிக்கா இல்லயாடா உனக்கு?"

அவன் பந்தை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கினான். அண்ணன் அதைக் கோபத்தில் கேட்கவில்லை. கண் இருக்கிற ஒருவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அண்ணனுக்கு உதவியாக ஒருவர் இருந்தார். அண்ணன் விளையாடிய பதினொரு வருடமும் அவர்தான் இரண்டாவது கோல் காப்பாளர். முதலாவது காப்பாளருக்குக் காய்ச்சல்கூட வராது. அதனால் இவர் உள்ளே இறங்கிய ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணலாம். மற்ற நாளெல்லாம் கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கும் நீள மர வாங்கில் இருந்தார். இப்போது சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டத்துக்குத் தண்ணீரும் ஐஸும் அவருடைய ஆட்டோவில்தான் வரும்.

பயிற்சி முடிந்து ஒருநாள் அந்த ஆட்டோவில் நானும், ஈரக் காற்சட்டையோடு நடுக்கள வீரனும் வந்தோம். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார்:

"நீ பந்த நிப்பாட்டின பிறகுதான் நிமிர்ந்து பாக்காய். அதான் பிந்துது. பந்து வரக்குள்ளயே ஒருக்கா சுத்திப் பார். மறுகா நிப்பாட்டு."

"இத ஏன் நீங்க அங்க சொல்லல்ல?"

"அங்க கோச் நிக்கார்தானே."

மறுநாள் அவன் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பந்து தண்ணீருக்குப் போகவில்லை. நான் இதை அண்ணனிடம் சொன்னேன்.

"அவன் வாங்கில இருந்தவன், புள்ள. அவனுக்கென்ன தெரியும்?" என்றார்.

அந்த வருடம் நாங்கள் தோற்றுக்கொண்டே வந்தோம். அண்ணனால் வெளியே நின்று தோற்க முடியவில்லை. பட்டியலில் தன் பெயரையும் கடைசியாக எழுதச் சொன்னார். எழுதினேன். மட்டக்களப்பு நகரில் நடந்த ஆட்டத்தில் இருபது நிமிடம் இருக்கும்போது தானே இறங்கினார். சனம் விசிலடித்தது. அதோடு எங்கள் ஆட்டம் முடிந்தது. பந்து யாரிடம் வந்தாலும் அண்ணனைத் தேடிக் கொடுத்துவிட்டு நின்று பார்த்தார்கள். மற்றப் பத்துப் பேரும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் போல நின்றார்கள். எதிரணி மூன்று கோல் அடித்தது. அண்ணனின் முழங்கால் வீங்கி, ஒரு கிழமை தோணியில் கால் வைக்க முடியவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். சமமாக முடித்தால் முதலாம் பிரிவில் தங்கலாம். தோற்றால் இரண்டாம் பிரிவு. தோற்றால் வேறு பயிற்றுவிப்பாளரைப் பார்க்கவேண்டிவரும் என்று கழகத் தலைவர் அண்ணனிடம் தன்மையாகத்தான் சொன்னார். "நீ எங்கட புள்ள மனே, அதால சொல்றன்" என்றார். அன்று அண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. ஊர் தன்னை எதற்காவது போதாது என்று சொன்னது அவருக்கு அதுதான் முதல்தடவை.

ஆட்டத்தன்று காலையில் அடையாள அட்டையை என் முன்னால் வைத்தார்.

"பதினாறாவதா என்ட பேர எழுது."

"ஓம்" என்றேன்.

பதினைந்து பேர் எழுதினேன். பிறகு கீழே 'பயிற்றுவிப்பாளர்' என்ற இடத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன். பதினாறாவது கோட்டை வெறுமையாக விட்டேன். அணித்தலைவன் படிக்காமல் கையொப்பம் வைத்தான். நானும் வைத்தேன். அண்ணன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கு, கீழே கடைசியாக ஒரு பெயர் இருந்தது போதும். திருப்பித் தந்தார்.

முழங்காலை நினைத்துச் செய்தேன், அணியை நினைத்துச் செய்தேன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. என்னால் இதைச் செய்ய முடியும் என்பதும் ஒரு காரணமாக இருந்தது.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளையில் அண்ணன், "பந்து அங்க கிடக்குதுடா, அடிக்க ஏலாதா?" என்று கேட்டார். எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாம் பாதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எங்கள் முகத்துக்கு வீசியது. அண்ணன் கோட்டருகில் நின்று, "தூக்கி அடி! தூக்கி அடி!" என்று கத்தினார். தூக்கி அடித்த பந்தெல்லாம் காற்றில் நின்று திரும்பி எங்கள் பக்கமே விழுந்தது.

இருபது நிமிடம் மிச்சம் இருக்கையில் அண்ணன் நீளக் காற்சட்டையைக் கழற்றினார். உள்ளே ஆட்டக் காற்சட்டை, முழங்காலில் கட்டு, காலில் பூட்ஸ். எல்லாம் தயார். சனம் எழும்பி நின்று விசிலடித்தது. கோட்டருகே மேசையில் இருந்த உதவி மத்தியஸ்தர் படிவத்தில் விரலை ஓட்டினார். இன்னொருமுறை ஓட்டினார்.

"இவர்ட பேர் ஆட்டக்காரர்ல இல்லயே. கோச் எண்டுதான் இரிக்கி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறந்திட்டியா புள்ள?" என்று அண்ணன் கேட்டார்.

அண்ணனுக்கு உதவியாக நின்ற பழைய காப்பாளர் உடனே குறுக்கே வந்தார். "அவசரத்தில விடுபட்டிருக்கும் மச்சான். பாவம், அதுவும் எத்தின வேலயப் பாக்கிற?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் பட்டியலில் பிழை விட்டேன் என்று யாரும் சொல்ல என்னால் விட முடியாது.

"மறக்கல்ல. நான் எழுதல்ல" என்றேன்.

விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, தூரத்தில் நின்றவர்களுக்கு விசயம் தெரியாது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு உதவி மத்தியஸ்தரிடம், "எங்கட பிழதான் சேர்" என்று சொல்லிவிட்டு, நடந்துபோய் வாங்கில் இருந்தார். பயிற்றுவிப்பாளராக அவர் வாங்கில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் கோட்டில்தான் நிற்பார், காலை வைத்தால் உள்ளே என்கிற தூரத்தில்.

பழைய காப்பாளர் பக்கத்தில் போய் இருந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"மச்சான், கச்சான் பந்தத் திருப்பி நம்மட மூஞ்சிக்கே கொண்டு வருது. நிலத்தால அடிக்கச் சொல்லு."

"நான் இந்தக் காத்துக்குள்ளயும் அடிப்பன்."

"நீ அடிப்பாய்டா. நீ உள்ளுக்கு இல்லயே."

 அண்ணன் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, "நிலத்தால! நிலத்தால அடிங்கடா!" என்று கத்தினார். திரும்ப வந்து இருந்தார்.

"வலப்பக்கம் நிக்கிறவன் களைச்சுச் செத்திட்டான்" என்றார் பழைய காப்பாளர். "அவன எடு."

வலப்பக்கம் நின்றது அண்ணியின் தம்பி. அந்த வருடம் முழுக்க அண்ணன் அவனை ஒரு ஆட்டத்திலும் வெளியே எடுக்கவில்லை.

"அவன எடுத்தா எனக்கு வீட்ட சோறு இல்லடா."

"என்ட வீட்ட வா. மீன நீதான் கொண்டு வரோணும்."

அண்ணன் சிரித்தார். அவனை எடுத்தார். அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாவிக் கரைக்குப் போனான். உள்ளே போன புதியவன் நிலத்தோடு ஒரு பந்து கொடுத்தான். நடுக்கள வீரன் அது வருமுன்னமே சுற்றிப் பார்த்துவிட்டான். நிறுத்தினான், அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. வாங்கில் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கடைசி நிமிடத்தில் மூலை உதையிலிருந்து எதிரணி தலையால் முட்டி இன்னொன்று போட்டது. தோற்றோம். இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மா இருவருக்கும் நடுவில் நின்று, "தங்கச்சிட்டச் சொல்லு", "அண்ணனிட்டக் கேளு" என்று செய்தி கொண்டுபோனார். "படிச்சவ செஞ்ச வேல" என்று அண்ணி என் காதுபடச் சொன்னார். அண்ணியின் தம்பிக்காகவும் சேர்த்து அது எனக்கே விழுந்தது. அண்ணனின் அடையாள அட்டை என் கைப்பையிலேயே கிடந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒன்று தெளிவானது. எழுதாமல் விட்டது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் காலையிலேயே முகத்தைப் பார்த்து "எழுதமாட்டன்" என்று சொல்லியிருக்கவேண்டும். ஓம் என்று சொல்லிவிட்டு, அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழிக்குள் ஒளித்துவைத்தேன். படிப்பை நான் அப்படிப் பாவித்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டு கிழமை கழித்து, நான் வேலைக்குப் புறப்படும்போது அண்ணன் வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன்.

"உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் விட்டிருக்கோணும். அது என்ட பிழ" என்றேன்.

"நான் இறங்கியிருந்தா வெண்டிருப்பம்."

"மற்ற ஆக்கள் நிண்டு பாத்திருப்பாங்க."

அவர் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிடுங்கினார். "கடைசி இருவது நிமிசம் பெடியன்கள் நல்லா விளையாடினாங்க, என்ன?"

"ஓம்."

"பஸ் போகப்போகுது. போ புள்ள."

கழகக் கூட்டத்தில், தலைவர் வாயைத் திறக்குமுன்னமே அண்ணன் எழும்பினார். பழைய காப்பாளரைக் காட்டி, "கோச் வேலய இவனுக்குக் குடுங்க" என்றார்.

"அப்ப நீ, மனே?"

"என்ன ஆட்டக்காரனாப் போடுங்க. ரெண்டாம் பிரிவுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். புதிய பயிற்றுவிப்பாளர் சிரிக்கவில்லை. "வாங்கில இருக்க ஓமெண்டா வா" என்றார்.

கூட்டக் குறிப்பில் இரண்டையும் எழுதினேன்.

இந்த வருடம் நாலு ஆட்டம் முடிந்திருக்கிறது. இரண்டு வென்றிருக்கிறோம். அண்ணன் இன்னும் இறக்கப்படவில்லை. பூட்ஸைக் கட்டிக்கொண்டு வாங்கில் இருக்கிறார். போன ஆட்டத்தில், "அவங்கட ஏழாம் நம்பர்காரன் வலதுகாலால அடிக்கவே மாட்டான், பாத்தியா?" என்று அவர் பயிற்றுவிப்பாளருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. பயிற்றுவிப்பாளர் உடனே எழும்பிப் போய் பின்கள வீரனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒவ்வொரு ஆட்டத்தன்றும் காலையில் அண்ணன் அட்டையைத் தருகிறார். நான் எழுதி முடித்ததும் படிவத்தை வாங்கிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டுப் பழகியிருக்கிறார். விரலை மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறக்கிக்கொண்டு வந்து, பதினாறில் நிறுத்துகிறார். பிறகுதான் என்னிடம் திருப்பித் தருகிறார்.